நீ வாசித்துக் காட்டிய கடைசிப் பக்கம்

உன் பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் பாச்சை உருண்டை வாசனை இரண்டு நாளாக என் அறைக்குள் இருக்கிறது. ஜன்னலை விரியத் திறந்து வைத்தும் போகவில்லை. உன் அகத்துக்காரர் தம் கச்சேரிப் பியூனிடம் ஒரு மூட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார். எல்லாம் உன் புஸ்தகங்களாம். வீட்டில் அவற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லையாம். எங்கள் பெண்கள் சமாஜத்து வாசகசாலைக்குக் கொடுத்துவிடச் சொன்னாராம். மூட்டையைப் பிரித்தேன். பழைய கன்னட மாதப் பத்திரிகைகள். நீயே கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டையை மேலே ஒட்டி, வருஷ வாரியாக வைத்திருந்தாய். நீ போய் இன்னும் வருஷாப்திகம்கூட ஆகவில்லை, அதற்குள் மூட்டையாகிவிட்டாய் என்று எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் புரட்டினேன். பத்து நிமிஷத்தில் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது.

அந்தக் கதை அதில் இருந்தது. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். தலைப்புக்குக் கீழே "நடந்த கதை" என்று கன்னடத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த, புருஷனை இழந்த ஒரு பெண் ஆஸ்பத்திரி வேலைக்குப் போன கதை. நீ எனக்கு வாசித்துச் சொன்னாய். அதைக் கேட்டுவிட்டுத்தான் உன் அம்மா வீட்டுப் படியைவிட்டு நான் இறங்கினேன். இத்தனை வருஷத்தில் அதை என் கண்ணால் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த கதையை எதற்குப் படிப்பது? நேற்று முன்தினம்தான் முதல் முதலாகப் படித்தேன். கடைசிப் பக்கம் வந்தது. நீ சொன்ன முடிவு அதில் இல்லையடி. இல்லவே இல்லை.

பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று தையலைப் பிரித்துப் பார்த்தேன். இல்லை. மிச்சம் அடுத்த மாதத்தில் வந்திருக்குமோ என்று தேடினேன். அதுவும் இல்லை. "முகியிது" என்று கீழே போட்டிருக்கிறான். முடிந்தது என்றால் முடிந்ததுதானே. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், வார்டுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து திரும்பவும் படித்தேன். உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் உன் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன்.

நாத்தனாரும் மன்னியும் என்றால் ஊரில் சண்டை என்றுதான் அர்த்தம். நாமும் போட்டோம். ஆனால் ஒரு நகையைப் பற்றியோ, ஒரு புடவையைப் பற்றியோ உன்னோடு சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. நம் சண்டை எல்லாம் அச்சடித்த காகிதத்தைப் பற்றித்தான்.

உன் அண்ணாவுக்கு வாழ்க்கைப்பட்டு நான் திருச்சிப் பக்கத்திலிருந்து மைசூர் வந்த புதிது. அடுத்த தெருவில் உன் புக்ககம். ஒரு நாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து பிறந்தகத்து வாசலில் வந்து நின்றாய். என்னடி என்று கேட்டேன். "காதம்பரிய விடவே முடியல்லே மன்னி. கடைசியில அவ செத்தே போயிட்டா. ஒரே பேஜாராயிடுத்து" என்றாய். பாவம், யாரோ சிநேகிதி போய்விட்டாள் என்று பதறி, உள்ளே ஓடி, "காதம்பரி ஆத்துக்குத் துக்கம் கேக்க யார் போறா? நானும் வரட்டுமா?" என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அடுப்பில் சாத்தமுதைக் கலக்கிக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியோடு திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஊரில் நாவலுக்குக் காதம்பரி என்று பேர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்கப்புறம் எந்தக் கதையில் எவள் செத்தாலும், "மன்னி, துக்கம் கேக்கப் போலாமா?" என்று கேட்டு என் மானத்தை வாங்குவாய்.

உனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. உங்கள் வீட்டில் யாருக்குமே வராது. பாசுரத்தையே கன்னட எழுத்தில் வைத்துக்கொண்டுதான் சேவிப்பீர்கள். எனக்கோ கன்னட எழுத்து ஒவ்வொன்றும் ஜாங்கிரி பிழிந்து வைத்தது போலத் தெரியும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மத்தியானம் உன் அம்மா கண்ணயர்ந்ததும் மாவரைக்கும் இயந்திரக்கல் இருக்கும் நடையில் உட்கார வேண்டியது. ஒரு நாள் என் தமிழ்ப் பத்திரிகை, ஒரு நாள் உன் கன்னடப் பத்திரிகை. நான் அச்சில் உள்ளதை அப்படியே வாசித்தால் போதும். உனக்குத்தான் இரட்டை வேலை. கண் கன்னடத்தில் ஓடும், வாய் தமிழில் பேசும். நடு நடுவே வண்டி குடை சாயும். "அவனுக்கு ரொம்ப சங்கோஜா... அதென்ன தமிழ்ல... வெட்கம்னு வெச்சுக்கோ, வெட்கமாயிடுத்து." வரி தப்பிவிடாமல் இருக்க ஆள்காட்டி விரலை எழுத்தின் மேலேயே வைத்து நகர்த்திக்கொண்டு போவாய். மஞ்சள் விரல் பட்டுப் பட்டு உன் பத்திரிகை ஓரமெல்லாம் மஞ்சள். அது இன்னும் இருக்கிறது, பார்த்தேன்.

உன்னைப் போல ஈவு இரக்கமில்லாமல் ஒரு புஸ்தகத்தைப் படிக்கிறவளை நான் அப்புறம் பார்க்கவில்லை. க்ஷயரோகம் வந்த கதாநாயகி சாகிற சமயத்தில் முழுப் பாட்டு ஒன்று பாடினாளே, அன்றைக்கு நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறேன், நீ கேட்கிறாய்: "மூச்சு வாங்கறவ சரணம் வரைக்கும் எப்படி மன்னி பாடுவா? எழுதினவன் ஒரு ரோகியையாவது கிட்டப் போய்ப் பார்த்திருக்கானா?" துப்பறியும் கதை என்றால் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுவாய், தாடி வைத்துக்கொண்டு எவன் வந்தாலும் அவன்தான் துப்பறிகிறவன் என்று. இரண்டு பெண்டாட்டி ஜமீன்தார் கதை எனக்கு உசிர். மூத்தவள் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வாள். "இவ பொறுமை எனக்குப் பேஜாரா இருக்கு. ஒரு தட்டையாவது தூக்கிப் போட்டிருக்கலாம், அல்வா?" என்று, "இல்லையா" என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டு நீ எழுந்தே போய்விட்டாய். இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே உனக்கு ஒரு தீர்ப்பு உண்டு. "கடைசி அத்தியாயத்துல மாமியார் திருந்தினா அது காதம்பரியே இல்ல மன்னி, அப்பளம். பொரிச்சா உப்பும், கை வெச்சா நொறுங்கும்."

உனக்குப் பிடித்ததெல்லாம் மெய்க்கதைகள். ஏதாவது ஒன்றை நான் வாசிக்க எடுத்தால் தலைப்பைக் கேட்கமாட்டாய். "நடந்ததா?" என்பாய், அதுதான் முதல் கேள்வி. பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் காசி யாத்திரையைப் பற்றி மாதாமாதம் எழுதினார், நினைவிருக்கிறதா? எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். எந்த ஸ்டேஷனில் தயிர் புளித்திருந்தது, எந்தச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். நீ விடமாட்டாய். "புளிச்ச தயிரை எழுதறவன் பொய் சொல்ல மாட்டான்" என்பாய். போலீஸ் வேலை பார்த்த ஒருவர் எழுதின அநுபவங்களை மட்டும் ஒரே வாரத்தில் தள்ளிவிட்டாய். ஒரு கேஸில்கூட அவர் தோற்கவில்லையாம், அதனால் அது நடந்த கதை இல்லையாம்.

இப்படிப்பட்ட நீ என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஆறவில்லை.

உன் அண்ணா விஷஜுரத்தில் போனார். அதைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று, இப்போது வேண்டாம். அவர் போன பிறகு உன் அம்மா என்னைக் கொடுமைப்படுத்தினாள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். தளிகையாகிப் பெருமாளுக்கு அமுது செய்வித்ததும் முதலில் என் இலையில்தான் சாதிப்பாள். ஆனால் அடுப்பு, கிணறு, அடுப்பு. என் தமிழ்ப் பத்திரிகையை நிறுத்திவிட்டாள். "இனிமே கதை என்னத்துக்கு?" என்றாள், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அப்போதுதான் உன் அகத்துக்காரர் சொல்லி உனக்குத் தெரிந்தது, பிரசவ ஆஸ்பத்திரியில் பெண்களைச் சேர்த்துப் படிப்புச் சொல்லிக் கொடுத்து அங்கேயே வேலையும் கொடுக்கிறார்கள் என்று. என் காதில் போட்டாய். உன் அம்மா காதிலும் விழுந்துவிட்டது. "சூலகித்தி வேலைக்கா?" என்றாள். மருத்துவச்சிக்குக் கன்னடத்தில் அதுதான் பேர். ஆனால் உன் அம்மா வாயில் அது வசவு மாதிரி வந்தது. "போறதுன்னா போ. கண்டவா பிரசவம் பார்த்துட்டு வந்து இந்தப் படி ஏறப்படாது. கேட்டுக்கோ."

நான் மாதக்கணக்கில் தவித்தேன். ரத்தத்தைப் பார்த்துப் பயமில்லை. நாற்றத்துக்குப் பயமில்லை. இனி ஒரு வீட்டிலும் என்னை "வா" என்று கூப்பிட ஆள் இருக்காதே என்பதுதான் பயம். உன்னிடம் அதைச் சொன்னேன், உன்னிடம் மட்டும்தான்.

அந்தப் பங்குனியில் உன் அம்மா வைரமுடி உற்சவம் சேவிக்க மேலுகோட்டைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாம் இரண்டு பேரும்தான். ஒளிந்து உட்கார வேண்டிய அவசியமில்லாமல் கூடத்து நடுவில் பாயைப் போட்டுக்கொண்டு நீ அந்தக் கதையை வாசித்தாய். சிவமொக்கா பக்கத்துப் பெண் ஒருத்தி, தானே எழுதியது என்று போட்டிருந்தது. எனக்கு நடந்ததெல்லாம் அவளுக்கும் நடந்திருந்தது. நீயும் வழக்கம் போலத் தடுக்கித் தடுக்கி, "அதென்ன தமிழ்ல" என்று மேலே பார்த்துப் பார்த்து வாசித்தாய். கடைசிப் பக்கம் வந்தது. ஒரு வருஷம் கழித்து அவள் மாமியார் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தாளாம். எல்லோரும் பார்க்க, "ஆத்துக்கு வாம்மா. உன் கையால எனக்கு ஒரு வாய் தீர்த்தம் குடு" என்று கூப்பிட்டாளாம். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். "நடந்ததாடி இது?" என்று கேட்டேன். நீ பத்திரிகையைத் திருப்பித் தலைப்பைக் காட்டினாய். "நடந்த கதைன்னு அச்சுலயே போட்டிருக்கானே மன்னி."

ஆமாம் என்று நீ சொல்லவில்லை. அச்சில் போட்டிருக்கிறான் என்றாய். கெட்டிக்காரி! இன்னொன்றும் நேற்று முதல் மண்டையைக் குடைகிறது. அந்தப் பக்கத்தை நீ ஓர் இடத்திலும் தடுக்காமல் வாசித்தாய். ஒரு கன்னட வார்த்தை விழவில்லை. விரல் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தது. உன் மஞ்சள் கறை பதினைந்து பக்கத்துக்கு ஓரமெல்லாம் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் மேலே ஒரே ஒரு பொட்டு. நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். பார்க்கிற நிலையிலா இருந்தேன்!

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். உன் அம்மா வாசல்வரைகூட வரவில்லை.

அச்சில் உள்ள முடிவை இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்குத்தான் எனக்கு முந்தித் தெரியுமே. இருந்தாலும் சொல்கிறேன், ஆத்திரம் தீர. அவள் ஒரு வருஷத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புக்ககத்துக்கே திரும்பி, மாமியார் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, அந்த வீட்டு அடுப்படியிலேயே நோயாகக் கிடந்து கண்ணை மூடினாளாம். தானே எழுதிய கதையில் தானே கண்ணை மூடிவிட்டாள், சாமர்த்தியசாலி! அதற்குக் கீழே இரண்டு வரி, குலஸ்திரீகள் இதைப் படித்துப் புத்தி தெளிய வேண்டும் என்று.

நான் இப்போது ஒன்றும் அன்றைய அசடு இல்லை. மருந்துக் குப்பி லேபிலைப் படித்துப் படித்தே ஜாங்கிரி எழுத்தையெல்லாம் கற்றுக்கொண்டு, சமாஜத்தில் வருகிற புஸ்தகம் ஒன்றுவிடாமல் படிக்கிறேன். இந்த மாதம்கூட இரண்டு. தேசபக்தன் ஒருவன் கதாநாயகியைப் பார்த்த மாத்திரத்தில் மூன்று பக்கம் பிரசங்கம் செய்கிற ஒரு நாவல். அவள் ஏன் எழுந்து ஓடவில்லை என்பதுதான் அதில் மர்மம். இன்னொன்று, பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர் எழுதியது. வழியில் தாயாரின் பெட்டியைப் போட்டுவிட்டு வந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, செருப்பு அறுந்ததை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது "புளிச்ச தயிர்" என்று என் வாயில் தானாக வந்தது. ஆக, எனக்கும் ஏதோ மூக்கு இருக்கிறது. அந்த மூக்கை வைத்துச் சொல்கிறேன், அந்தக் கதையில் பதினைந்து பக்கம் அவள்தான் பேசுகிறாள். உலை கொதிக்கிறது, கை சுடுகிறது, மேட்ரன் துரைசாணி திட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் பேசுவது அவள் இல்லை. அத்தனையும் வடமொழிச் சொல். கதையை வாங்கிப் போட்ட எவனோ ஒருவன் தன் கையால் முடித்திருக்கிறான் என்று சத்தியம் செய்வேன். இதை நீயும் கண்டுபிடித்திருப்பாய். அதனால்தான் அவன் பக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு உன் பக்கத்தைப் போட்டாய் என்று நேற்றுப் பூராவும் உனக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. உன் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? கடைசிப் பக்கத்தில் திருந்துகிற மாமியார்! அப்பளமடி அது, உன் வாயாலேயே சொன்னபடி சுத்த அப்பளம். எத்தனை பேர் எழுதின நாவலை அதற்காகக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறாய். உனக்கென்று ஒரு முடிவு சொல்ல வாய்த்தபோது நீ ஏன் அதையே சொன்னாய்?

உனக்கு இடுப்புவலி கண்ட அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன், மன்னிதான் பார்க்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்து வந்தாய். உன் அம்மா ஜட்காவில் கூட வந்தாள். நீ இறங்கினாய், அவள் இறங்கவில்லை. நல்ல வெயில். குதிரையைக்கூட அவிழ்த்து வேப்பமரத்தடியில் கட்டிவிட்டார்கள். அவள் மட்டும் வண்டிக்குள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே தெரிந்தது. ஒவ்வொரு வலிக்கும் நடுவில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவா மன்னி, பாரு. உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா" என்றாய். பிரசவ வேதனையில் பிதற்றுகிறாய் என்று நினைத்தேன். "பேசாம மூச்சை இழுத்து விடு" என்று அதட்டினேன். பெண் குழந்தை பிறந்தது. துடைத்து, துணியில் சுற்றி, நானே எடுத்துக்கொண்டு போய் ஜட்கா அருகில் நின்றேன். உன் அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். குழந்தையைத்தான் பார்த்தாள். என் பக்கம் முகம் திரும்பவில்லை. "பெத்தவளுக்குப் பிரசவக் காரம் குடுக்கச் சொல்லு" என்று வண்டிக்காரனிடம் சொன்னாள். நான் உள்ளே வந்தேன். நீ தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அப்படி அழுதாய். பிள்ளை பிறக்கவில்லை என்று அழுகிறாள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன்.

இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உன் முடிவோடு அந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? சமாஜத்தில், வார்டில், எங்கும். நடந்த கதை என்று சொல்லித்தான். கேட்டுவிட்டுப் படிக்க வந்த பெண்களும் உண்டு. இப்போது வேதா என்று ஒரு பெண், புருஷன் கைவிட்டுவிட்டுப் போனவள், மாமியாரோடு இருக்கிறாள். இந்தச் சனிக்கிழமை சமாஜத்தில் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி அவள் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறாள். அம்மாளுக்கு மனசு இரண்டாக இருக்கிறது. மாமியார் ஒரு நாள் வந்து கூப்பிடுவாள் என்றால் பெண்ணை ஆஸ்பத்திரிப் படிப்புக்கு அனுப்பலாம் என்கிறாள். உன் வார்த்தையின் மேல் ஒரு பெண்ணின் வாழ்வு உட்கார்ந்திருக்கிறது. நாளைக்குச் சனிக்கிழமை. நான் என்னடி சொல்ல?

*

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நேற்றுச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மைக் ஒன்றும் இல்லை, பத்துப் பன்னிரண்டு பேர், ஜமக்காளம். முதல் வரிசையில் வேதாவும் அவள் அம்மாவும். கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பத்திரிகையைக் கையில் எடுத்து, அச்சில் உள்ளதை வரி விடாமல் கன்னடத்தில் படித்தேன். காலில் விழுந்தது, நோயில் கிடந்தது, குலஸ்திரீகள், எல்லாம். வேதாவின் அம்மாதான் முதலில் பேசினாள். "என்ன மாமி இது? போன தடவை வேறெ மாதிரின்னா சொன்னேள்?"

"அது என் நாத்தனார் சொன்னது" என்றேன். "அவளா கட்டிச் சொன்னது. எனக்கே இந்த வாரம்தான் தெரியும்."

"அப்போ மாமியார் வந்து கூப்பிடல்லையா?"

"அவ மாமியாரைப் பத்தி எனக்குத் தெரியாது. என் மாமியார் கூப்பிடல்லே. கடைசி வரைக்கும் கூப்பிடல்லே. மாமியார் போனப்போகூட ஆள் வந்து சொல்லித்தான் போனேன். வாசலோட நின்னுட்டு வந்தேன்." இவ்வளவுதான் சொல்ல நினைத்திருந்தேன். வாய் நிற்கவில்லை. "ஆனா நான் அடுப்படியில கிடந்து சாகவும் இல்லை. எனக்கு ஒரு ரூம் இருக்கு. வேளைக்குச் சாப்பிடறேன், நிம்மதியாத் தூங்கறேன். தெருவுல போனா என் கையால பிறந்தது ஏதாவது ஒண்ணு பந்தை உதைச்சுண்டு எதுக்க வரும். அதுவும் என்னை ஆத்துக்கு வான்னு கூப்பிடாது. என் முடிவு இது. நடந்தது. எழுதினவளும் நான்தான், சாகவும் இல்லை, பாருங்கோ."

இரண்டு பேர் சிரித்தார்கள். வேதாவின் அம்மா சிரிக்கவில்லை. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தாள். போனார்கள். உன் பொய்யையே சொல்லியிருந்தால் ஒரு பெண் பிழைத்திருப்பாள், என் ரோஷம் அவளைக் கெடுத்துவிட்டது என்று நொந்துகொண்டு ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வேதா தனியாகத் திரும்பி வந்தாள். குடையை விட்டுவிட்டாளாம். குடையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, போன தடவை நீங்க சொன்னப்போ எனக்கு நம்பிக்கையே வரல்லே. எங்க மாமியாரை எனக்குத் தெரியாதா? கூப்பிட மாட்டா. அதனாலதான் வரமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிண்டிருந்தேன்" என்றாள். "கூப்பிடாட்டாலும் இருக்கலாம்னா வரேன். அம்மாவை நான் பார்த்துக்கறேன். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

சொன்னேன். போனாள். நான் சுருட்டின ஜமக்காளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பெண் நம்பாத முடிவை நான் எப்படி நம்பினேன் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன். அவளுக்கு மாமியாரைத் தெரிந்திருந்தது போல எனக்கும் என் மாமியாரைத் தெரியும். படி இறங்கின அன்றைக்கே தெரியும், அவள் கூப்பிடமாட்டாள் என்று. உன் முடிவைக் கேட்டு நான் அழுதது நம்பி இல்லை. என்னை அனுப்ப உனக்கு எவ்வளவு ஆசை என்று அதில் தெரிந்ததே, அதற்காகத்தான் அழுதேன் என்று இப்போது படுகிறது. போகலாம் என்று ஒரு மனுஷி சொன்னால் போதுமாக இருந்தது எனக்கு.

ஆகவே அந்த முடிவு எனக்காக இல்லை. அவள் உன் அம்மா. அண்ணா பெண்டாட்டியை ஒரு நாள் "வா" என்று கூப்பிடுகிற அம்மாவாக அவள் இருக்க வேண்டும் என்று நீதான் ஆசைப்பட்டாய். உலகத்து மாமியார்களையெல்லாம் அப்பளம் என்று நொறுக்கினவள் உன் அம்மா ஒருத்தியை மட்டும் நொறுக்கமாட்டாய். ஜட்காவில் அவள் உட்கார்ந்திருந்தபோது நான் ஜன்னல் வழியே ஒரு தரம் பார்த்ததோடு என் வேலையைப் பார்த்தேன். நீ வலியோடு வலியாகக் காத்திருந்தாய். அவள் சாகிற வரைக்கும் காத்திருந்தாய். தீபாவளிக்குத் தீபாவளி பட்சணத்தைத் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா குடுத்தனுப்பினா மன்னி" என்பாய். எல்லாம் உன் கைப்பாகம் என்று வாயில் போட்டதும் தெரியும். உன் அம்மா ஏலக்காய் போடவே மாட்டாள். ஒரு தரமாவது சொன்னேனா? நன்றாயிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லு என்றுதான் சொல்லியனுப்புவேன். அதை நீ அவளிடம் சொன்னாயோ இல்லையோ, அந்த வேளைக்கு உன் முகம் மலர்ந்துவிடும்.

உன்மேல் கோபம் போய்விட்டது. கோபம் இருந்தபோது தேவலையாக இருந்தது, உன்னோடு பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. வேதா நாளைக்கு வருவாள். அவளிடம் சொல்ல என்னிடம் கதை ஒன்றும் மீதி இல்லை. கேட்டில் வந்து நின்றால் நான் வெளியே போய் "வா" என்று கூப்பிடுவேன். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நீ ஒருத்தி அதற்காக ஏங்கினாய். அந்த ஏக்கம்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. நான் வைத்துக்கொள்கிறேன்.